நரம்பியல் பயிற்சியில் தூக்க மருத்துவம்: சேலம் வட்டார மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரத்தில் நரம்பியல் மேற்படிப்பு படிப்பவர்களுக்காகவும், அவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்காகவும், பொது மருத்துவம் முடித்து அடுத்து நரம்பியலுக்குப் போக நினைப்பவர்களுக்காகவும் எழுதியது இது. இரண்டு விஷயங்களை இதில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம். நோயாளியின் இரவைக் கேட்டு எழுத வேண்டும். தூக்கப் பதிவின் (மூளை அலை, மூச்சு, தசை அசைவு ஆகியவற்றை இரவு முழுக்கப் பதிவது) அறிக்கையோடு நிற்காமல் பதிவையே திறந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பயிற்சிக் காலத்திலேயே பழகாவிட்டால் பிறகு பழகுவது கடினம்.

குறட்டையும் மூச்சடைப்பும் நுரையீரல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் வேலைதானே? நரம்பியல் படிப்பவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

தூக்கக் கோளாறுகளின் சர்வதேச வகைப்பாடு அவற்றை ஆறு பெரும் பிரிவுகளாக வைக்கிறது: தூக்கமின்மை, மூச்சு சார்ந்தவை, மிகைத்தூக்கம், உடல் கடிகாரக் கோளாறுகள், பாராசோம்னியா (தூக்கத்தில் நடப்பது, அலறுவது போன்றவை), தூக்க அசைவுக் கோளாறுகள். மூச்சு இதில் ஒன்றுதான். மற்ற ஐந்தின் வேரும் மூளையில் இருக்கிறது. மூச்சிலும்கூட பக்கவாதம், தசைநோய், மூளைத்தண்டுப் பாதிப்பு என்று வந்துவிட்டால் நோயாளி நரம்பியல் மருத்துவரிடம்தான் வந்து நிற்பார்.

வரலாறும் அப்படித்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் பரவிய தூக்க மூளைக்காய்ச்சலில் இறந்தவர்களின் மூளைகளை வியன்னாவில் ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் வான் எகனோமோ, மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸின் பின்பகுதி கெட்டவர்கள் ஓயாமல் தூங்கினார்கள், முன்பகுதி கெட்டவர்கள் தூக்கமே இல்லாமல் தவித்தார்கள் என்று கண்டார். 1953-ல் ரெம் தூக்கம் (கண்கள் வேகமாக அசைய, உடல் தசைகள் தளர்ந்திருக்கும் கனவுத் தூக்கம்) விவரிக்கப்பட்டது. 1998-ல் விழிப்பைத் தாங்கும் மூளை வேதிப்பொருளான ஹைப்போகிரெட்டின் கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் சுரக்கும் ஹைப்போதலாமஸ் செல்கள் அழிவதால்தான் நார்கோலெப்ஸி (பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய்) வருகிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது. இவை எல்லாமே நரம்பியல் பாடம்.

இந்தியாவில் நரம்பியல் மருத்துவர் தூக்க மருத்துவம் கற்க என்ன வழி?

பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. முடித்து, நீட் எஸ்.எஸ். (உயர்சிறப்புப் படிப்புக்கான நுழைவுத்தேர்வு) எழுதி, மூன்று ஆண்டு டி.எம். அல்லது டிஆர்என்பி என்ற உயர்சிறப்பு நரம்பியல் படிப்பில் சேர்வது வழக்கமான பாதை. தூக்க மருத்துவம் அதற்குள் ஒரு பகுதியாக வருகிறது. அமெரிக்காவில் நரம்பியல் முடித்தவர் தனியாக ஓராண்டு தூக்க மருத்துவ ஃபெலோஷிப் செய்யலாம். அங்கே பல துறையினருக்கும் பொதுவான வாரியத் தேர்வு 2007-ல் தொடங்கியது. இங்கே ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் தூக்க ஆய்வகம் உள்ள நரம்பியல் நிறுவனங்களைத் தேடிப் போகிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் பெங்களூரு நிம்ஹான்ஸும் அப்படிப்பட்டவை. சேலத்திலிருந்து பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர்தான். இரண்டு வாரம் போய் இருந்து பார்க்க அனுமதி கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

மூன்று ஆண்டில் இதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினால் போதும்?

எங்கள் கணக்கு இது: இரண்டாம் ஆண்டில், இ.இ.ஜி. (மூளை அலைப் பதிவு) படிக்கப் பழகிய பிறகு, தொடர்ந்து நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தில் குறைந்தது ஐந்து இரவு டெக்னீஷியனோடு உட்கார்ந்து தலையிலும் உடலிலும் மின்முனைகள் ஒட்டுவதிலிருந்து காலையில் கழற்றுவது வரை பார்க்க வேண்டும். இருபது இருபத்தைந்து முழு இரவுப் பதிவுகளைக் கையால் மதிப்பிட வேண்டும். முதல் பதிவுக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும், பத்தாவதுக்கு இரண்டு மணி நேரம் போதும். முதலாண்டிலேயே இந்தச் சுழற்சியை வைத்தால் வீணாகும். கண் மூடி விழித்திருக்கும்போது வரும் ஆல்ஃபா அலையை அடையாளம் காணத் தெரியாதவருக்கு அது மறையும் இடம், அதாவது தூக்கம் தொடங்கும் இடம், தெரியாது.

சுழற்சி முடிந்ததும் மறந்துவிடாமல் இருக்க, மீதி ஆண்டுகளில் வாரம் ஒரு பதிவாவது குழுவாக உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஆய்வகம் இல்லாத மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம். பெயர் நீக்கிய பழைய பதிவுகளும் ஒரு கணினியும் இருந்தால் போதும்.

ஓ.பி.யில் நேரமே இல்லை. தூக்கத்தைப் பற்றி என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

"நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டால் "தூங்குறேன் சார்" என்ற பதில்தான் வரும். அதனால் பயனில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறார், படுத்து எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது, இடையில் எத்தனை முறை எழுகிறார், எத்தனை மணிக்கு எழுகிறார், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா என்று ஐந்து கேள்விகளாகப் பிரியுங்கள். இரண்டு நிமிடம் ஆகும்.

அடுத்தது, சாட்சி. நம் வீடுகளில் பலபேர் ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கணவனோ மனைவியோ வேறு அறையில் இருந்தாலும், பேரனோ மாமியாரோ பார்த்திருப்பார்கள். "குறட்டை விடுறாரா?" என்பதோடு நிறுத்தாமல் "குறட்டை சட்டுனு நின்னு, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம இருந்து, அப்புறம் திணறி மூச்சு வாங்குறாரா?" என்று கேளுங்கள். கேட்டவுடன் கூட வந்தவர் முகம் மாறினால் அதுவே பாதி நோயறிதல். கைபேசியில் இரண்டு நிமிடக் காணொளி எடுத்து வரச் சொல்லுங்கள். முகம் மட்டும் போதாது, வயிறும் கால்களும் தெரிய வேண்டும், போர்வை விலகியிருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும்.

சொற்களில் கவனம் வேண்டும். "மயக்கமா வருது" என்பவர் தலைசுற்றலைச் சொல்லலாம், நினைவிழப்பைச் சொல்லலாம், தூக்கச் சொக்கலையும் சொல்லலாம். "அசதியா இருக்கு" என்பது பெரும்பாலும் உடல் சோர்வு, தூக்கம் அல்ல. படுத்தால் தூங்கிவிடுவாரா என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும். சோர்ந்தவர் படுத்துக் கிடப்பார், தூக்கம் மிகுந்தவர் உடனே தூங்கிப்போவார். "அமுக்குவான் பிடிச்சு அமுக்குது" என்பது தூக்க முடக்கம் (விழிப்பு வந்தும் உடலை அசைக்க முடியாத நிலை). அதைச் சொல்ல வெட்கப்படுவார்கள், மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். சிரிக்காமல் கேட்டு எழுதுங்கள். அது தனியாக வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் பகல் தூக்கமும், சிரிக்கும்போது முழங்கால் மடிந்து தொய்வதும் கூடவே இருந்தால் நார்கோலெப்ஸியை நினைக்க வேண்டும்.

எப்வொர்த் கேள்வித்தாள் நம் நோயாளிகளுக்குப் பொருந்துகிறதா?

எந்தெந்தச் சூழலில் தூங்கிவிடுவார் என்று கேட்கும் எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகல் தூக்கம் மிகை. சிக்கல் கார் பற்றிய கேள்விகளில் வருகிறது. ஒரு மணி நேரக் கார் பயணத்தை அறியாதவரிடம் அதைக் கேட்டால் "நான் கார்லயே போறதில்லைங்க" என்று 0 போட்டுவிடுவார், மொத்தம் குறைந்துவிடும். கேள்வித்தாளை நீங்களாகத் திருத்தி அதே அளவுகோலில் மதிப்பெண் போடாதீர்கள், அது செல்லாது. அசல் மதிப்பெண்ணைத் தனியாக எழுதிவிட்டு, "சேலத்துல இருந்து நாமக்கல்லுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ல போனா தூங்கிடுவீங்களா? இறங்குற ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருக்கீங்களா?" என்பதைக் குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்பைத் தாண்டிப் போனவரை எந்த மதிப்பெண்ணும் இல்லாமலே மேல்பரிசோதனைக்கு அனுப்பலாம்.

முழு இரவுப் பதிவில் முனைகளை எங்கே ஒட்டுவது? எங்கே தவறுகிறது?

தலையில் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என மூன்று இடங்கள், எதிர்ப்பக்கக் காதின் பின் எலும்பை ஆதாரமாகக் கொண்டு. இடது கண்ணின் வெளிமூலைக்கு 1 செ.மீ. கீழே ஒன்று, வலது கண்ணின் வெளிமூலைக்கு 1 செ.மீ. மேலே ஒன்று. தாடையில் மூன்று. இரு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசைமேல். இவற்றோடு ஈ.சி.ஜி., மூக்கில் அழுத்த உணரி, மூக்கும் வாயும் சேரும் இடத்தில் வெப்ப உணரி, மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் உணரி, குறட்டை ஒலிவாங்கி, படுக்கும் நிலை உணரி, காணொளி. வலிப்பு சந்தேகம் இருந்தால் 10-20 என்ற நிலையான முறைப்படி முழுத் தலைக்கும் ஒட்ட வேண்டும். இதை மாலையில் டெக்னீஷியனிடம் சொல்லத் தவறினால் இரவு வீண்.

நம் ஊரில் முதல் எதிரி தலை எண்ணெய். எண்ணெய் தேய்த்த தலையில் பேஸ்ட் பிடிக்காது, நள்ளிரவில் முனைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். முந்தைய நாளும் அன்றும் எண்ணெய் வைக்காமல், தலைக்குக் குளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு வரச் சொல்லுங்கள். சொல்வது மட்டும் போதாது, சீட்டில் எழுதிக் கொடுங்கள். முனைக்கும் தோலுக்கும் இடையே உள்ள மின்தடை 5 கிலோ ஓமுக்குள் வரும்வரை தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், பொட்டும் விபூதியும் இருந்த இடம் உட்பட. நகப்பூச்சு இருந்தால் துடைக்க வேண்டும். அடர்ந்த தாடி இருப்பவருக்குத் தாடை முனைகள் நிற்காது. ரெம் தூக்கத்தைத் தாடைத் தசைதான் காட்டிக்கொடுக்கும் என்பதால், அந்த இடத்தில் மட்டும் முடியை ஒதுக்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

விளக்கை அணைக்கும் முன் அளவுச் சோதனை: கண்ணை 30 விநாடி திறந்து வைத்தல், 30 விநாடி மூடி வைத்தல், இடம் வலம் பார்த்தல், பல்லைக் கடித்தல், பாதத்தை மடக்குதல், மூச்சைப் பிடித்தல். அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். கண் மூடியபோது ஆல்ஃபா வருகிறதா என்பதை அந்த அரை நிமிடம்தான் சொல்லும். பத்தில் ஒருவருக்கு ஆல்ஃபாவே வராது. அவருக்குத் தூக்கம் தொடங்கிய நேரத்தை வேறு அடையாளங்களால் குறிக்க வேண்டியிருக்கும்.

கணினியே மதிப்பிட்டு அறிக்கை தருகிறது. பிறகு கையால் ஏன் படிக்க வேண்டும்?

கணினி எங்கே தவறும் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான். சேலத்தில் ஏப்ரல், மே மாதத்தில் ஏ.சி. நின்றுபோன ஓர் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி வியர்க்கிறார். தலையணையில் அழுந்திய பக்கத்து முனைகளில் மெதுவான பெரிய அலை ஆடத் தொடங்கும். ஆழ்தூக்கம் என்பதற்கான விதி, 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ் வரையுள்ள, 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேற்பட்ட அலைகள் 30 விநாடிப் பக்கத்தில் 20 சதவீதமாவது, அதாவது ஆறு விநாடியாவது, இருக்க வேண்டும் என்பது. மென்பொருள் வியர்வை அலையை எண்ணி "ஆழ்தூக்கம் 40 சதவீதம்" என்று எழுதிவிடும். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அவ்வளவு ஆழ்தூக்கம் இருந்தால் சந்தேகம் வர வேண்டும். பக்கத்தைத் திறந்தால் தெரியும்: அலை ஒரே பக்கத்தில் இருக்கும், மூச்சோடு சேர்ந்து ஆடும், நோயாளி புரண்டு படுத்ததும் பக்கம் மாறும். இதற்கு, மெதுவான அலைகளை நீக்கும் வடிகட்டியை 0.3-லிருந்து 1 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் உண்மையான மெதுஅலையும் சேர்ந்து போய்விடும். போர்வையை விலக்கி, அறையைக் குளிர்வித்து, முனையைத் துடைத்து மறுபடி ஒட்டுவதே வழி.

வெப்ப உணரி உதட்டிலிருந்து நழுவினால் மூச்சே நின்றதுபோல் கோடு படுத்துவிடும். மார்பு, வயிற்றுப் பட்டைகள் வழக்கம்போல் ஏறி இறங்கி, ஆக்சிஜனும் குறையாமல், விழிப்பும் வராமல் இருந்தால் அது அப்னியா (மூச்சு நிற்றல்) அல்ல. உண்மையான அப்னியாவில் காற்றோட்டம் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்து 10 விநாடியாவது நீடிக்கும். ஹைப்போப்னியாவுக்கு (மூச்சு குறைதல்) 30 சதவீதக் குறைவோடு ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்க வேண்டும் அல்லது விழிப்பு வர வேண்டும். 4 சதவீத இறக்கத்தை மட்டும் கணக்கிடும் விதியும் உண்டு. எந்த விதி என்று அறிக்கையில் எழுதாவிட்டால், இவை மணிக்கு 5, 15, 30 முறை வருகின்றன என்ற எல்லைகளை வைத்து இலேசு, நடுத்தரம், கடுமை என்று சொல்வதற்கே பொருளில்லாமல் போகும். ஒரே நோயாளி ஒரு விதியில் 18, மற்றதில் 9 என வரலாம்.

இன்னொரு இடம்: ரெம் நடத்தைக் கோளாறு, அதாவது கனவுக்கேற்பக் கைகாலை வீசும் நோய். ரெமில் தசை தளராததால் மென்பொருள் அதை விழிப்பு என்று குறித்துவிடும். எதைத் தேடிப் பதிவு எடுத்தோமோ அதுவே அறிக்கையில் காணாமல் போகும்.

வீட்டிலேயே செய்யும் சோதனை போதாதா?

குறட்டை, பருமன், பகல் தூக்கம் எல்லாம் சேர்ந்து, வேறு நோய் இல்லாத நடுவயதினருக்குப் போதும். பக்கவாதம், தசைநோய், இதயச் செயலிழப்பு, ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மருந்து எடுப்பவர்களுக்கு ஆய்வகப் பதிவே வேண்டும். வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் இ.இ.ஜி. இல்லை. தூங்கிய நேரத்துக்குப் பதில் பதிவான நேரத்தால் வகுப்பதால் எண்ணிக்கை குறைந்தே வரும். எட்டு மணி நேரம் பதிவாகி நான்கு மணி நேரமே தூங்கியவருக்கு அது பாதியாகிவிடும். ஆகவே "இயல்பு" என்று வந்தாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

இரவில் வருவது வலிப்பா, பாராசோம்னியாவா?

நேரம், நீளம், எண்ணிக்கை, ஒரே மாதிரி இருக்கிறதா என்ற நான்கையும் கேளுங்கள். மூளையின் முன்மடலில் தொடங்கும் வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும், ஓர் இரவில் பலமுறை வரும், எந்த நேரத்திலும் வரும், ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். குழந்தைப் பருவத்தில் தொடங்கும் தூக்க நடையும் அலறலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில், ஆழ்தூக்கத்திலிருந்து வரும். ஓரிரு முறைதான் வரும், நீளமாக இருக்கும், ஒருமுறைபோல் மறுமுறை இராது. ரெம் நடத்தைக் கோளாறு விடியலை ஒட்டி, ஐம்பது கடந்தவரிடம், கண் மூடியபடி.

பயிற்சியில் அடிக்கடி நடக்கும் தவறு, நிகழ்வின்போது மேல்தலை இ.இ.ஜி. சுத்தமாக இருப்பதைப் பார்த்து வலிப்பு இல்லை என்று எழுதிவிடுவது. முன்மடலின் உட்புறத்திலிருந்து வரும் வலிப்பு மேலே தெரியாமலே போகலாம். காணொளியில் இரண்டு மூன்று நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

கனவில் அடிக்கிறார், உதைக்கிறார் என்று மனைவி சொல்கிறார். அடுத்து என்ன?

1986-ல் ஷென்க், மஹோவால்ட் இருவரும் விவரித்த நோய் இது. தசை தளராத ரெமைக் காணொளியோடு பதிவு செய்து உறுதிப்படுத்த வேண்டும். கடுமையான மூச்சடைப்பும் இதேபோல் கைகாலை உதற வைக்கும், சிபாப் (மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி) வைத்ததும் அடங்கிவிடும். மனச்சோர்வு மருந்துகளும் இதைக் கிளப்பலாம்.

முதல் மருந்து பாதுகாப்பு. கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் மெத்தை போட்டு, பக்கத்தில் இரும்புப் பெட்டி, கண்ணாடி, விளிம்புள்ள மரச்சாமான் எதுவும் இல்லாமல் ஒதுக்கி, மனைவியைச் சிலகாலம் தள்ளிப் படுக்கச் சொல்ல வேண்டும். பிறகு மெலட்டோனின் 3 மி.கி.யில் தொடங்கித் தேவைக்கேற்ப 12 வரை. குளோனசெபாம் 0.25 அல்லது 0.5 மி.கி. நன்றாக வேலை செய்யும். ஆனால் தடுமாறி விழுபவர், மறதி உள்ளவர், மூச்சடைப்புக்குச் சிகிச்சை எடுக்காதவர் ஆகியோருக்கு ஆபத்து.

வேறு காரணம் இல்லாமல் வரும் இந்த நோய் பலருக்குப் பார்க்கின்சன் அல்லது லூயி உடல் மறதி நோயின் முன்னோடி. 2019-ல் வெளியான 24 மையங்களின் ஆய்வில், 1,280 பேரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 சதவீதம் பேர் அந்த நோய்களுக்கு மாறினார்கள். 12 ஆண்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர். இதை எப்போது, எப்படிச் சொல்வது என்பதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே கொட்டிவிடாமல், வருங்காலம் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரையே கேளுங்கள். அதே சமயம், கேட்கிறவரிடம் மறைக்காதீர்கள்.

"ராத்திரியில கால் குடையுது" என்பவர்களில் யாருக்கு ஓய்வில்லாக் கால் நோய்?

அசைக்கத் தோன்றும் உந்துதல், ஓய்வில் வருவது, நடந்தால் குறைவது, மாலையிலும் இரவிலும் மோசமாவது. இவை எல்லாம் இருந்து, வேறு காரணமும் இல்லாவிட்டால் இதுதான். "குடைச்சல்", "உளைச்சல்", "உள்ளே பூச்சி ஊருற மாதிரி" என்பார்கள். சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சல் நடந்தாலும் போகாது. கெண்டைக்கால் பிடிப்பில் தசை கல்லாக இறுகும்.

ஃபெர்ரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (உடலின் இரும்புச் சத்தைக் காட்டும் இரத்தச் சோதனைகள்) காலையில் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விடக்கூடாது. ஃபெர்ரிட்டின் 75-க்குக் கீழோ, செறிவு 20 சதவீதத்துக்குக் கீழோ இருந்தால் இரும்புச் சத்து கொடுக்க வேண்டும். காய்ச்சல், மூட்டு அழற்சி இருந்தால் ஃபெர்ரிட்டின் பொய்யாக உயரும், அப்போது செறிவை நம்புங்கள். மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்கினால் உடலில் சேராது. மருந்துச் சீட்டையும் புரட்டுங்கள்: வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தூக்கம் வரவைக்கும் பழைய சளி மாத்திரைகள், பல மனச்சோர்வு மருந்துகள் இதைக் கூட்டும்.

டோபமைன் வகை மருந்தான பிராமிபெக்ஸோலில் தொடங்கும் பழக்கத்தை விடும் நேரம் வந்துவிட்டது. முதல் மாதங்களில் நோயாளி கையெடுத்துக் கும்பிடுவார். சில ஆண்டுகளில் அறிகுறி இரவு பத்து மணியிலிருந்து மதியத்துக்கு முன்னேறும், கைகளுக்கும் பரவும், அளவைக் கூட்டக் கூட்ட மோசமாகும். இன்று காபாபென்டின், பிரிகாபலின் வகைதான் முதல் தேர்வு. சிறுநீரகம் பார்த்து, வயதானவருக்குக் குறைந்த அளவில் தொடங்குங்கள்.

பகல் தூக்கச் சோதனையைச் சரியாக நடத்துவது எப்படி?

முந்தைய இரவு முழுப் பதிவு. காலை எழுந்து ஒன்றரை முதல் மூன்று மணி நேரத்துக்குள் முதல் குட்டித்தூக்கம். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு அல்லது ஐந்து. 20 நிமிடத்தில் தூங்காவிட்டால் நிறுத்துங்கள், தூங்கினால் அதிலிருந்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, இரண்டு முறையாவது 15 நிமிடத்துக்குள் ரெம் வந்தால் நார்கோலெப்ஸிக்குச் சாதகம். முந்தைய இரவில் அப்படி வந்ததையும் ஒன்றாகக் கணக்கிடலாம். தண்டுவட நீரில் ஹைப்போகிரெட்டின் மில்லிலிட்டருக்கு 110 பிகோகிராமுக்குள் இருந்தால் முதல் வகை உறுதி.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில். இரவு ஷிப்ட் விசைத்தறி ஓட்டுகிறவர் திங்கள்கிழமை காலை வந்து படுத்தால் யாராக இருந்தாலும் மூன்று நிமிடத்தில் தூங்குவார். இரண்டு வாரத் தூக்கக் குறிப்பேடு இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். மனச்சோர்வு மருந்து ரெமை அடக்கும், திடீரென்று நிறுத்தினால் ரெம் பொங்கி வரும். இரண்டு வாரத்துக்கு முன்பே, மனநல மருத்துவரைக் கேட்டு, படிப்படியாக நிறுத்த வேண்டும். ஃப்ளூக்ஸெட்டினுக்கு இன்னும் அதிக நாள் வேண்டும்.

பக்கவாத நோயாளிக்குச் சிபாப் கொடுத்தால் அடுத்த பக்கவாதம் தடுக்கப்படுமா?

பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தூக்க மூச்சடைப்பு இருக்கிறது. ஆனால் 2016-ல் வந்த சேவ் ஆய்வு, 2,717 பேரில், சிபாப் இதய, மூளை நிகழ்வுகளைக் குறைக்கவில்லை என்று காட்டியது. அதில் சராசரிப் பயன்பாடு இரவுக்கு 3.3 மணி நேரம்தான். மிகத் தூக்கம் உள்ளவர்கள் சேர்க்கப்படவும் இல்லை. ஆகவே தடுப்பு மருந்தாக வாக்குறுதி கொடுக்காதீர்கள். பகல் தூக்கம், காலைத் தலைவலி, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காகக் கொடுங்கள்.

தசைநோய், மோட்டார் நியூரான் நோயில் எதைக் கவனிப்பது?

மல்லாந்து படுக்க முடியாமை, காலைத் தலைவலி, இரவில் அடிக்கடி எழுவது, பைகார்பனேட் உயர்வு. இரவில் ஆக்சிஜன் குறைகிறது என்று ஆக்சிஜன் மட்டும் வைத்து அனுப்புவது இந்த நோயாளிக்குச் செய்யும் மிகப் பெரிய தீங்கு. திரையில் 98 தெரியும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும், விடியலில் எழுப்ப முடியாது. அவருக்குத் தேவை மூச்சுக்குத் துணை செய்யும் பைபாப். உயிர்க்கொள்ளளவு (முழுமூச்சு இழுத்து வெளிவிடும் காற்றின் அளவு) 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கட்டும் என்று காத்திருக்காமல், அறிகுறி வந்ததுமே பேச்சைத் தொடங்குங்கள்.

லாரி ஓட்டுநர்களிடம் என்ன சொல்வது?

சங்ககிரி, நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் ஓட்டுநர் "தூக்கம் வருது" என்று தானாகச் சொல்ல மாட்டார், பிழைப்பு போய்விடும் என்ற பயம். "தொப்பூர்க் கணவாயில இறங்குறப்ப எப்பவாவது திடுக்குன்னு முழிச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், சிகிச்சை தொடங்கிப் பகல் தூக்கம் அடங்கும்வரை இரவு ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள், வாய்வார்த்தை போதாது. சிபாப் கருவியில் பதிவாகும் பயன்பாட்டு நேரத்தை இரண்டு வாரத்தில் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் மாஸ்க் அளவு, வாய்க்கசிவு, மூக்கடைப்பு என ஒவ்வொன்றாகத் தேடுங்கள். லாரியிலேயே தூங்குகிறவருக்கு மின்கலத்தில் ஓடும் கருவி வேண்டும். ஈரப்பதக் கலனை நிறுத்தினால் மின்கலம் நீண்ட நேரம் வரும்.

ஏற்காட்டில் வசிப்பவருக்கு உயரத்தால் பதிவு மாறுமா?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரத்தால் வரும் மைய மூச்சுநிறுத்தம் (மூளை கட்டளையிடாததால் மூச்சு நிற்பது) பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் கவலைக்குரியது. ஆரோக்கியமானவருக்கு ஏற்காட்டில் வித்தியாசம் தெரியாது. ஏற்கெனவே நுரையீரல் அல்லது தசைநோய் உள்ளவருக்கு மட்டும் ஆக்சிஜன் சற்றுக் கூடுதலாக இறங்கலாம். சேலத்தில் அளவு நிர்ணயித்து மலைக்கு எடுத்துப் போகும் சிபாப் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் மாதிரியா என்று பாருங்கள், பழைய கருவிகளில் கையால் மாற்ற வேண்டும்.

மலையில் உண்மையான தொல்லை குளிர். டிசம்பர் இரவில் கருவியிலிருந்து வரும் ஈரக்காற்று குழாயில் நீராகக் கோத்து, விடியற்காலை முகத்தில் தெளிக்கும். நோயாளி "மெஷின் தண்ணி கக்குது" என்று ஓரம் கட்டிவிடுவார். கருவியைக் கட்டிலைவிடத் தாழ வைத்து, குழாயைப் போர்வைக்குள் விட்டு, ஈரப்பத அளவை ஒன்றிரண்டு குறைத்தால் நிற்கும்.

தூக்கமின்மைக்கு மாத்திரை எழுதுவதைத் தவிர நரம்பியல் மருத்துவரால் என்ன செய்ய முடியும்?

நடத்தைச் சிகிச்சைதான் முதல். இரண்டு வாரக் குறிப்பேட்டில் சராசரியாகத் தூங்கிய நேரத்தைக் கணக்கிட்டு, அவ்வளவு நேரம் மட்டும் படுக்கையில் இருக்கச் சொல்வது, ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கினால் 15 நிமிடம் கூட்டலாம். வலிப்பு உள்ளவர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இந்தக் குறைப்பைச் செய்யாதீர்கள், தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டும். காபியையும் கேளுங்கள். மாலை ஐந்து மணி ஃபில்டர் காபியில் ஏறக்குறைய பாதி காஃபின் இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும். பல ஆண்டு அல்பிரசோலம் எடுப்பவருக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 முதல் 25 சதவீதம் குறையுங்கள்.

பயிற்சி மருத்துவரின் சொந்தத் தூக்கம்?

24 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.10 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பானது என்று 1997-ல் அளந்து காட்டினார்கள். இந்தியச் சட்டத்தில் வண்டி ஓட்ட அனுமதி 0.03 வரைதான். இரவுப் பணி முடித்தவர் மருந்து அளவு எழுதினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். வீட்டுக்குப் பஸ்ஸில் போக வேண்டும், அல்லது பணி அறையில் 20 நிமிடம் தூங்கி, எழுந்து கால் மணி நேரம் கழித்துத்தான் பைக் சாவியை எடுக்க வேண்டும்.